தரங்கம்பாடிக்கு ஒரு தங்கச்சி ஊர்: பழைய டேனிஷ் தீவுகள்ல அஞ்சு நாள்

முதல் நாள், செயின்ட் தாமஸ்

மியாமில இருந்து மூணு மணி நேரம் கூட ஆகல, கீழ பார்த்தா பச்சை மலை, சுத்தி நீலக் கடல், மலைச்சரிவு முழுக்க சிவப்பு ஓட்டு வீடுங்க. நானும் எங்க அக்காவும்தான் வந்திருக்கோம். அக்கா மியாமில நர்ஸா இருக்கா, ரெண்டு வருஷமா கூப்பிட்டுக்கிட்டே இருந்தா, நான்தான் பஹாமாஸ் எல்லாம் வேண்டாம், போனா இங்கதான் போகணும்னு பிடிவாதமா இருந்தேன். காரணம் ஒண்ணுதான். நாங்க பொறையார்ல பொறந்து வளர்ந்தவங்க. தரங்கம்பாடி கோட்டைதான் எங்களுக்கு சாயங்கால பீச். அந்தக் கோட்டையைக் கட்டின அதே டென்மார்க் ராஜாங்கம்தான் கரீபியன் கடல்ல இருக்கற இந்த மூணு தீவையும் வச்சிருந்துச்சு, செயின்ட் தாமஸ், செயின்ட் ஜான், செயின்ட் க்ராய். தரங்கம்பாடிய 1845ல இங்கிலீஷ்காரன்கிட்ட வித்துட்டாங்க, இதை 1917ல அமெரிக்காவுக்கு 2.5 கோடி டாலருக்கு வித்தாங்க. அதனால இப்ப இது அமெரிக்கா, ஆனா வண்டி மட்டும் நம்ம ஊர் மாதிரி இடது பக்கம்தான் ஓடுது, டாக்ஸில உட்கார்ந்ததும் அக்காவுக்கு ஒரே சந்தோஷம்.

ஊர் பேரு ஷார்லட் அமாலியா, டென்மார்க் ராணி பேரு. ஹோட்டல்ல பெட்டியப் போட்டுட்டு நேரா ஃபோர்ட் கிறிஸ்டியனுக்குப் போனோம். துறைமுகத்துப் பக்கத்துலயே நல்ல செங்காவி நிறத்துல நிக்குது, 1670கள்ல கட்ட ஆரம்பிச்சது. தரங்கம்பாடி கோட்டை 1620, அதனால நம்மதுதான் மூத்தது. உள்ள போனா அந்த வாசனை, ஈரச் சுண்ணாம்பும் உப்புக்காத்தும் கலந்த வாசனை, கண்ண மூடிக்கிட்டா ஊர்ல நிக்கிற மாதிரியே இருந்துச்சு. அக்கா ஒரு செவத்துல கைய வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பேசாம நின்னா.

ஏன் இந்தக் கோட்டை எனக்கு முக்கியம்னு சொல்லணும். சின்ன வயசுல ஞாயிறு பள்ளில எங்க டீச்சர் ஒரு கதை சொல்வாங்க, ஜெர்மனில இருந்து ரெண்டு வாலிபர்கள், கரும்புத் தோட்டத்து அடிமைகளுக்கு சுவிசேஷம் சொல்றதுக்காக தங்களையே அடிமையா வித்துக்கிட்டு கப்பல் ஏறிப் போனாங்க, கரையில சொந்தக்காரங்க எல்லாம் அழுதாங்கன்னு. அந்தக் கதையக் கேட்டு நான் அழுதிருக்கேன். இன்னைக்கும் நம்ம கன்வென்ஷன் மேடைகள்ல அந்தக் கதை ஓடிக்கிட்டுதான் இருக்கு. அந்த ரெண்டு பேர் வந்து இறங்குன ஊர் இதுதான். 1732 டிசம்பர் 13. லியோன்ஹார்ட் டோபர், தொழில் குயவர். டேவிட் நிச்மன், தச்சர். ரெண்டு பேரும் மொரேவியன்ங்கற புராட்டஸ்டன்ட் சபை.

ஆனா அவங்க தங்கள வித்துக்கல. வருஷக்கணக்கா தேடிப் படிச்சதுல எனக்கு முதல்ல வலிச்சது இதுதான். அடிமையானாலும் சரி, போறோம்னு சொன்னது நிஜம், அந்த மனசு பெரிய மனசு, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா வெள்ளைக்காரன் அடிமையாகறது நடக்காத காரியம்னு கோபன்ஹேகன்லயே சொல்லிட்டாங்க, அவங்க சாதாரணமா வேலை செஞ்சு பொழைச்சாங்க, டோபர் கொஞ்ச காலம் கவர்னர் வீட்லயே வேலை பார்த்தார், நிச்மன் நாலு மாசத்துல திரும்பிப் போயிட்டார். அப்ப நிஜமாவே அடிமையா இருந்து, நிஜமாவே ஜெயிலுக்குப் போயி இந்த சபையக் கட்டினது யாரு? அவங்கள்ல ஒருத்தங்களைப் பூட்டி வச்சது இந்த செங்காவிக் கோட்டைலதான். நாளைக்கு எழுதறேன், கண்ணு சொக்குது.

ரெண்டாம் நாள், செயின்ட் தாமஸ்

காலைல ஃப்ரெடரிக் லுத்தரன் சர்ச். இந்த சபை 1666ல ஆரம்பிச்சது, கட்டடம் பிற்காலத்தது. அகலமான படிக்கட்டு, மஞ்சள் செங்கல், உள்ள மரப் பெஞ்சு. பெஞ்சுல உட்கார்ந்து ஜெபம் பண்ணிட்டு வந்தோம். நாங்களும் லுத்தரன்தான், அதனால இங்க உட்காரும்போது மனசுக்குள்ள ஒரு உரிமையும் இருந்துச்சு, ஒரு பாரமும் இருந்துச்சு, ஏன்னா கவர்னரும் தோட்ட முதலாளிங்களும் ஞாயித்துக்கிழமை ஜெபிச்ச சபையும் எங்க சபைதான்.

அங்கிருந்து டாக்ஸி பிடிச்சு தீவோட கிழக்கால இருக்கற நியூ ஹெர்ன்ஹூட் போனோம். சின்ன ஏத்தம், ரெண்டு பக்கமும் புளியமரம், மேல ஒரு எளிமையான மொரேவியன் சர்ச். வார நாள், பூட்டியிருக்கும்னு நினைச்சோம், ஒரு பாட்டி பூ மாத்திக்கிட்டு இருந்தாங்க. எங்கிருந்து வர்றீங்கன்னாங்க. இந்தியா, டிராங்கேபார் பக்கம்னு தரங்கம்பாடியோட இங்கிலீஷ் பேரைச் சொன்னேன். ராத்திரிக்கு ஏதோ வேலை இருக்குன்னு சொன்னவங்க அந்தப் பேரைக் கேட்டதும் பூவ அப்படியே வச்சுட்டு எங்க கூட உட்கார்ந்துட்டாங்க. மொரேவியன் சபைக்காரங்க தரங்கம்பாடிக்கும் போனாங்கன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. 1760ல வந்து எங்க பொறையார் பக்கத்துலதான் ஒரு தோட்டம் போட்டுத் தங்குனாங்க, நாப்பது வருஷத்துக்கு மேல தாக்குப்பிடிச்சுட்டு அப்புறம் விட்டுட்டுப் போயிட்டாங்க. இன்னொரு முடிச்சும் இருக்கு. இந்த சபைய நடத்துன சின்சென்டார்ஃப் பிரபு சின்னப் பையனா ஜெர்மனில ஹாலே ஊர் பள்ளிக்கூடத்துல படிக்கும்போது கேட்டு வளர்ந்தது, தரங்கம்பாடில இருந்த லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு அனுப்புன சேதிகளைத்தான். நம்ம கடற்கரைச் சேதி கேட்டு அங்க விழுந்த விதை இங்க முளைச்சிருக்கு.

இப்ப நேத்து விட்ட கதை. ஆரம்பம் அந்தோன்னு ஒரு கறுப்பு இனத்தவர். இந்தத் தீவுல அடிமையா இருந்து, டென்மார்க் பிரபு ஒருத்தர் வீட்டு வேலைக்காரரா கோபன்ஹேகனுக்குக் கொண்டு போகப்பட்டவர். 1731ல ராஜாவோட முடிசூட்டு விழாவுக்கு வந்த சின்சென்டார்ஃப்கிட்ட, என் தங்கச்சி அன்னா அங்க இருக்கா, கடவுளைப் பத்தித் தெரிஞ்சுக்கத் தவிக்கிறா, யாராவது போங்கன்னு கேட்டவர் அவர்தான். பகல் முழுக்க வேலை வாங்கறாங்க, கூட அடிமையா இருந்தாதான் பேச முடியும்னு சொன்னதும் அவர்தான். அந்த ஒரு வார்த்தைதான் நம்ம மேடைல "வித்துக்கிட்டாங்க"ன்னு ஆயிடுச்சு. கேட்டவர் பேரு தொலைஞ்சு போச்சு.

அப்புறம் ரெபேக்கா. சுமார் 1718ல பொறந்தவங்க, ஆறேழு வயசுல ஆன்டிகுவால இருந்து பிடிச்சிட்டு வந்து இங்க ஒரு முதலாளி வீட்டுக்கு வித்துட்டாங்க. அந்த வீட்லயே டச்சு எழுதப் படிக்கக் கத்துக்கிட்டாங்க, அப்புறம் விடுதலையும் கிடைச்சுது. 1736ல ஃபிரெட்ரிக் மார்ட்டின்னு மொரேவியன் மிஷனரி வந்தப்ப அவருக்கு அடிமைக் குடிசைங்களுக்குள்ள வழி கிடைச்சது இந்தப் பொண்ணாலதான். பகல்ல வீட்டு வேலை, ராத்திரி மலைப்பாதைல நடந்து நடந்து பெண்களுக்குப் படிக்கச் சொல்லிக் குடுக்கறது, ஜெபம் பண்றது. பதினெட்டு வயசுப் பொண்ணு. அந்தப் பாதை இந்த சர்ச்சுக்குப் பின்னாடி மலைல எங்கேயோதான் போயிருக்கணும், நான் கொஞ்ச தூரம் ஏறிப் பார்த்தேன், கல்லும் முள்ளும், பகல்லயே கால் தடுக்குது, இதுல இருட்டுல.

மார்ட்டின் அவங்களுக்கு ஃப்ராய்ண்ட்லிக்ங்கற வெள்ளை மிஷனரிய கல்யாணம் பண்ணி வச்சார். விட்டாங்களா? முறையா பட்டம் வாங்காதவன் செஞ்ச கல்யாணம் செல்லாதுன்னு கிளப்பினது யாருன்னா ஊர் போதகர்தான். 1738ல கோர்ட்ல சத்தியம் பண்ண மாட்டோம்னு அவங்க நின்னதுல புருஷன், பொண்டாட்டி, மார்ட்டின் மூணு பேரையும் கோட்டைக்குள்ள தூக்கிப் போட்டாங்க. ஜெயில் ஜன்னல் வழியா மார்ட்டின் வெளிய வந்து நின்ன ஜனங்களுக்கு பிரசங்கம் பண்ணிக்கிட்டே இருந்தாராம். நம்ம சீகன்பால்கையும் முப்பது வருஷம் முன்னாடி, 1708ல, இதே ராஜாங்கத்து அதிகாரிதான் தரங்கம்பாடி கோட்டைல நாலு மாசம் பூட்டி வச்சான். மிஷனரிய அனுப்புனதும் ராஜா, அடைச்சதும் ராஜாவோட ஆளு. ரெண்டு கடல்லயும் இதே நடந்திருக்கு.

1739 ஜனவரில சின்சென்டார்ஃப் நேர்ல வந்து இவங்களை வெளிய எடுத்தார். அதுக்கு அவருக்கு நன்றி. ஆனா அவர் கிளம்பும்போது ஜனங்களைக் கூட்டி வச்சு என்ன பேசினார்னு படிச்ச அன்னைக்கு எனக்கு சாப்பாடு இறங்கல. விசுவாசிகள் ஆனதால உங்க முதலாளிகிட்ட இருந்து விடுதலைன்னு நினைக்காதீங்க, கெட்ட எண்ணத்துல இருந்துதான் விடுதலை, அடிமைத்தனமே கடவுள் குடுத்த தண்டனைங்கற மாதிரி பேசியிருக்கார். அதுக்கு மேல ஒண்ணு, நாங்க உட்கார்ந்திருக்கற இந்த நிலத்தையே மிஷன்காரங்க தோட்டமா, அதுல வேலை செஞ்ச அடிமைகளோட சேர்த்து வாங்கியிருக்காங்க. சகோதரர் சகோதரின்னு கூப்பிட்டுக்கிட்டே. பாட்டிகிட்ட தயங்கித் தயங்கி இதைக் கேட்டேன். அவங்க தயங்கவே இல்ல. எங்களுக்குத் தெரியும்மா, எங்க முன்னோர்தான வாங்கப்பட்டவங்க, அவங்கதான் இந்த சபை, வந்தவங்க போயிட்டாங்க, நாங்க இருக்கோம்னாங்க.

மகதலேனா அம்மாவைப் பத்தியும் அவங்கதான் எடுத்தாங்க. ஆப்பிரிக்காவுல போப்போங்கற கடற்கரைல இருந்து கொண்டு வரப்பட்டவங்க, இந்த சபையோட மூப்பர். 1739ல டென்மார்க் ராணிக்கு நேரா கடுதாசி போட்டிருக்காங்க, தன் தாய்பாஷைலயும், இந்தத் தீவுல டச்சு கலந்து உருவான டச்சு கிரியோல் பாஷைலயும். என் ஊர்ல இருந்தப்ப மாவுங்கற கடவுளைக் கும்பிட்டேன், வெள்ளைக்காரங்க தேசத்துக்கு வந்தா இங்க கர்த்தரைக் கும்பிட விட மாட்டேங்கறாங்கன்னு. 250க்கும் மேற்பட்ட பெண்கள் சார்பா எழுதறேன்னு கையெழுத்து. கூட்டத்துக்குப் போனா சவுக்கடி, புஸ்தகத்தைப் பிடுங்கிக் கொளுத்தறதுன்னு நடந்த காலத்துல ஒரு அடிமைப்பட்ட அம்மா ராணிக்கு எழுதறாங்கன்னா அந்தத் தைரியத்தை என்னன்னு சொல்றது.

மூணாம் நாள், செயின்ட் ஜான்

ரெட் ஹூக்ல இருந்து இருபது நிமிஷம் ஃபெரி. தீவுல பாதிக்கு மேல நேஷனல் பார்க், காடு. ஜீப் எடுத்துக்கிட்டு அன்னபெர்க் கரும்பாலை இடிபாடு பார்க்கப் போனோம். எனக்கு இந்தப் பயணத்துல மறக்கவே மறக்காத இடம்.

காத்தாலை கோபுரம் ஒண்ணு மொட்டையா நிக்குது. பக்கத்துல போய் செவத்தைப் பார்த்தா கருங்கல், நடுநடுவுல கப்பல்ல பாரத்துக்குப் போட்டு வந்த மஞ்சள் டேனிஷ் செங்கல், அதுக்கு நடுவுல மூளை மாதிரி வரி வரியா பவளப்பாறைத் துண்டு. கடல்ல முங்கி அறுத்து எடுத்து வந்து அடுக்கியிருக்காங்க. கலவைல கிளிஞ்சல் சுண்ணாம்போட வெல்லப்பாகும் சேர்த்திருக்காங்க. நம்ம ஊர்ல கருப்பட்டியும் கடுக்காயும் போட்டு அரைச்ச சுண்ணாம்பு ஞாபகம் வந்துச்சு. விரல வச்சு அந்தப் பவள வரிய தடவினேன், கூர்மையா இருக்கு இன்னமும். இதை ஈரத்தோட தூக்கி வந்த கைக்கு என்ன ஆயிருக்கும்.

உள்ள காய்ச்சற இடம், வரிசையா கொப்பரை வைக்கற குழி. பெருசுல ஆரம்பிச்சு சின்னதுக்குச் சாறை மொண்டு மொண்டு மாத்தணும், ராத்திரி பகலா. கரும்பு பிழியற உருளை பக்கத்துல எப்பவும் ஒரு கத்தி வச்சிருப்பாங்களாம், தூக்கத்துல கை உள்ள போயிட்டா ஆளைக் காப்பாத்த கையை வெட்டறதுக்கு. அக்கா ஆபரேஷன் தியேட்டர்ல பதினஞ்சு வருஷம் வேலை பார்த்தவ, அவளே வெளிய போய் உட்கார்ந்துட்டா.

உட்கார்ந்த இடத்துல இருந்து எதிர்ல பார்த்தா இன்னொரு தீவு, வீடு கூடத் தெரியற அளவு பக்கத்துல. அது டோர்டோலா, பிரிட்டிஷ் தீவு. அங்க 1834ல அடிமைத்தனத்தை ஒழிச்சாச்சு. இங்க 1848 வரைக்கும் இல்ல. பதினாலு வருஷம், தினமும் காலைல கண்ணு முழிச்சா எதிர்க்கரைல விடுதலை தெரியுது. ராத்திரில படகு திருடி, மரக்கட்டையப் பிடிச்சு நீந்தின்னு தப்பிச்சுப் போயிருக்காங்க, சில பேர் சுடப்பட்டும் இருக்காங்க.

சாயங்காலம் கோரல் பே போனோம், அங்க எம்மாவுஸ் மொரேவியன் சர்ச் இருக்கு, அதைத் தாண்டி குன்று மேல ஃபோர்ட்ஸ்பெர்க். 1733 நவம்பர் 23 அன்னைக்கு அடிமைங்க விறகுக் கட்டுக்குள்ள கரும்புக் கத்திய ஒளிச்சு வச்சுக்கிட்டு கோட்டைக்குள்ள போய் காவலைக் கொன்னு பீரங்கி வெடிச்சு சைகை குடுத்தாங்க. அக்வாமு இனத்தவங்க, ஆப்பிரிக்காவுல ஆண்டு அனுபவிச்சவங்க. மாசக்கணக்கா தீவே அவங்க கைல இருந்துச்சு, மார்டினிக்ல இருந்து பிரெஞ்சுப் படை வந்துதான் அடுத்த வருஷம் அடக்குச்சு. டோபர் இறங்கி ஒரு வருஷம் கூட ஆகல அப்ப. மேல ஏற வழி சரியா தெரியல, இருட்டிடுச்சு, கீழ இருந்தே பார்த்துட்டுத் திரும்பினோம்.

நாலாம் நாள், செயின்ட் க்ராய்

துறைமுகத்துல இருந்து துறைமுகத்துக்குக் கடல் விமானம், தண்ணில ஓடி மேல ஏறி தண்ணிலயே இறங்குது, அரை மணி நேரம் கூட இல்ல. கிறிஸ்டியன்ஸ்டெட். கோட்டை மஞ்சள் நிறம், அது எதிர்ல ஸ்டீப்பிள் பில்டிங், 1753ல முடிச்ச லுத்தரன் கோயில், அது பக்கத்துல டேனிஷ் வியாபாரக் கம்பெனியோட கிடங்கு. மூணும் கூப்பிடு தூரம். கிடங்கு முத்தத்துலதான் ஆளுங்கள ஏலம் விட்டிருக்காங்க. அங்க நின்னு கோயில் கோபுரத்தைப் பார்க்கலாம், கோயில் வாசல்ல நின்னு ஏலத்தைப் பார்த்திருக்கலாம். ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு வெளிய வந்தவங்க எந்தப் பக்கம் பார்த்துக்கிட்டு நடந்திருப்பாங்க?

இந்தக் கிடங்குல நம்ம பங்கும் இருக்குங்கறது எனக்கு இங்க வந்துதான் உறைச்சுது. டேனிஷ் கப்பல்ல தரங்கம்பாடில இருந்து போன பருத்தித் துணி கோபன்ஹேகன் போய், அங்கிருந்து ஆப்பிரிக்காவோட கினி கடற்கரைக்குப் போய், அதைக் குடுத்துத்தான் ஆளுங்கள வாங்கியிருக்காங்க. துணிய நெய்த நெசவாளிக்கு இது தெரிஞ்சிருக்காது. நம்ம ஊர்லயும் அடிமைங்க இருந்தாங்க, 1707 மே மாசம் சீகன்பால்கு முதல் முதலா ஞானஸ்நானம் குடுத்த அஞ்சு பேருமே டேனிஷ்காரங்க வீட்டு அடிமைங்க. முதல் அஞ்சு பேர்னு ஒவ்வொரு வருஷமும் கொண்டாடறோம், அடிமைங்கன்னு சேர்த்துச் சொல்லி நான் ஒரு தடவை கூடக் கேட்டதில்ல.

மத்தியானம் ஃப்ரீடன்ஸ்தால் மொரேவியன் சர்ச், ஊருக்கு வெளிய. 1734ல இந்தத் தீவுக்கு வந்த மொரேவியன்கள் காய்ச்சல்ல கொத்துக் கொத்தா செத்தாங்க. அதையும் சொல்லணும். முதலாளி வேஷம் போட வந்தவங்க இல்ல அவங்க, உயிரைக் குடுத்தவங்கதான், அதே நேரத்துல அடிமைகளை வச்சிருந்தவங்களும்தான். ரெண்டுல ஒண்ணை மறைச்சா பொய்யாயிடும்.

பாஷை விஷயத்துல இவங்க செஞ்சது நல்ல காரியம். டச்சு கிரியோல்ல பாட்டு, ஜெபம், பாடப்புஸ்தகம் எல்லாம் போட்டாங்க, புதிய ஏற்பாடு அந்த பாஷைல 1781லயே டேனிஷ் சபை மூலமா அச்சாச்சு. நம்ம தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடில 1715ல வந்த மாதிரி. ஆனா தமிழ் இருக்கு, அந்த பாஷை இல்ல. கடைசியா பேசத் தெரிஞ்ச பாட்டி 1987ல போயிட்டாங்க.

ராத்திரி ஓட்டல்ல மீனும் ஃபங்கியும். ஃபங்கின்னா சோளமாவுக் களி, வெண்டைக்காய் போட்டுக் கிண்டினது. அக்கா ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டா.

அஞ்சாம் நாள், ஃப்ரெடரிக்ஸ்டெட்

தீவோட மேற்குக் கோடி. சின்ன ஊரு, நீளமான கடல் பாலம், செங்காவிக் கோட்டை, முன்னாடி வேப்பமரம் மாதிரி நிழல் தர்ற பெரிய மரங்க.

1839ல கவர்னர் பீட்டர் வான் ஷோல்டன் அடிமைக் குழந்தைங்களுக்குப் பள்ளிக்கூடம் கட்ட உத்தரவு போட்டார், பாடம் நடத்துனது மொரேவியன்கள். 1847ல ராஜா சொன்னார், இனிமே பொறக்கற குழந்தைங்க சுதந்திரம், மத்தவங்க பன்னெண்டு வருஷம் பொறுங்கன்னு. யார் பொறுப்பா? 1848 ஜூலை 2 ராத்திரி தோட்டம் தோட்டமா சங்கு ஊதியிருக்காங்க, மணி அடிச்சிருக்காங்க. மறுநாள் ஆயிரக்கணக்குல இந்தக் கோட்டை முன்னாடி வந்து நின்னாங்க, தலைவர் மோசஸ் காட்லீப், எல்லாருக்கும் ஜெனரல் புத்தோ. சாயங்காலம் வான் ஷோல்டன் வண்டில வந்து இறங்கி, டேனிஷ் மேற்கிந்தியத் தீவுல இருக்கற எல்லா அடிமைங்களும் இன்னைல இருந்து சுதந்திரம்னு சொல்லிட்டார். ராஜாவைக் கேக்காமலே. ஊருக்குப் போனதும் அவர் மேல கேஸ் போட்டாங்க.

சங்கு ஊதற சிலை அங்க இருக்கு. நம்ம ஊர்ல சாவுக்கும் ஊதுவோம் கோயிலுக்கும் ஊதுவோம். கீழ நின்னு பார்த்தா அவர் கன்னம் உப்பியிருக்கறதும் கழுத்து நரம்பும் தெரியுது.

சுதந்திரம்னா முழு சுதந்திரமும் இல்ல. 1849லயே வருஷக் கான்ட்ராக்ட் சட்டம் போட்டுத் தோட்டத்துலயே கட்டிப் போட்டாங்க, அதுக்குத்தான் 1878 அக்டோபர்ல ஜனங்க குயின் மேரின்னு கூப்பிட்ட தோட்டத் தொழிலாளி மாதிரி பெண்கள் முன்ன நின்னு இந்த ஊரையும் தோட்டங்களையும் கொளுத்தினது. இடைல 1863ல கல்கத்தால இருந்து மார்ஸ்ங்கற கப்பல்ல முன்னூறு பேருக்கு மேல நம்ம நாட்டு ஜனங்களைக் கொண்டு வந்து இறக்கினாங்க, அஞ்சு வருஷத்துல பெரும்பாலானவங்க திரும்பிட்டாங்க. அவங்க தடயம் ஏதாவது இருக்கான்னு கேட்டுக் கேட்டு அலைஞ்சோம், கிடைக்கல. மார்க்கெட்ல ஒரு அம்மா புளியை சர்க்கரையோட உருட்டி உருண்டை வித்தாங்க, அதை வாங்கித் தின்னுக்கிட்டே பாலத்து மேல உட்கார்ந்தோம்.

அங்க இருந்துதான் ஞாயிறு பள்ளி டீச்சருக்கு வீடியோ கால் பண்ணேன். எண்பது தாண்டிட்டாங்க. கடலைக் காட்டினேன், சந்தோஷப்பட்டாங்க. டீச்சர், அந்த ரெண்டு வாலிபர்கள் தங்கள வித்துக்கலன்னு ஆரம்பிச்சு அந்தோன், அவர் தங்கச்சி அன்னா, மகதலேனா அம்மா, ராத்திரில மலை ஏறுன பதினெட்டு வயசுப் பொண்ணு, எல்லாத்தையும் சொல்லிட்டேன். மனசு கஷ்டப்படுவாங்களோன்னு பயம். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "இரு, கண்ணாடிய எடுத்துக்கறேன்"னாங்க. நோட்டுப் புரட்டற சத்தம் கேட்டுச்சு.

"அந்தப் பொண்ணு பேரை இன்னொரு தடவை சொல்லு."

ரெபேக்கான்னேன்.

"நம்ம வேதத்துல வர்ற ரெபெக்காளா?"

"ஆமா டீச்சர், அதே பேர்தான்."

"வர்ற ஞாயிறு பிள்ளைங்களுக்குச் சொல்றேன். எந்த வருஷம்னு சொன்ன?"